கூம்புக்கு முன்னால் நிற்பவரும் மேசைக்குப் பின்னால் இருப்பவரும்

(செஞ்சியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மன்றத் தோழர்களுக்கும், விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலைக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பறையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் ஜெய்பீம்.

இந்த மேடையில் முந்தைய ஆண்டுகளில் கவிதை பற்றிப் பேசியிருக்கிறார்கள். தன்வரலாறு பற்றி, பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் ஒலிப்பதிவு பற்றிப் பேசுகிறேன் என்றதும் மன்றத் தோழர் ஒருவர் தயங்கினார். “அது டெக்னிக்கல் விஷயமாச்சே தோழர், இலக்கிய மன்றத்தில எடுபடுமா?” என்று கேட்டார். எடுபடுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவரின் படம் எனக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. தோளில் பறை, வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டு. அவர் எழுதிக் கொடுத்த மனுக்கள் மன்றத்தின் பெட்டியில் இருக்கின்றன. அவரைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவர் அடித்த அடி மட்டும் ஒரு நிமிடம்கூட நம்மிடம் இல்லை. அவரைக் கேட்டவர்களின் காதில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காதுகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரின் கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று, நம் செஞ்சி. மகிழ்ச்சிதான். ஆனால் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளோடு நிறுத்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? நான்காவதாக ஒரு சிறு குன்று இருக்கிறது. தொல்லியல் நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். இன்று அருந்ததியர் என்று நாம் சொல்லும் மக்களை இழித்து அழைத்த அதே சொல். கல்லிலேயே பெயர் ஒட்டியிருந்தும் வாயில் வரவில்லை என்றால், காற்றில் கரைந்த ஒலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எந்த ஒலி மிஞ்சும், எது அழியும் என்பதை யாரோ ஒருவர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் என் பேச்சு. அவர் பெரும்பாலும் இசைக்கலைஞராகத் தொடங்கியவர். பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றவர். அதன் பிறகு யாரைப் பதிவு செய்வது, எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கிறவராக ஆனவர். இந்த மூன்று படிகளையும் உலகத்தில் முதன்முதலாக ஏறிய சிலரில் ஒருவர் இந்தியாவுக்கு வந்துபோனவர். அவர் பெயர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க்.

1873 ஜனவரி 1 அன்று வாஷிங்டனில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். சிறு வயதிலேயே பியானோ நன்றாக வரும். பதினாறு பதினேழு வயதில் கொலம்பியா ஃபோனோகிராஃப் நிறுவனத்தில் பக்கவாத்தியம் வாசிக்கப் போனார். அப்போது மெழுகு உருளையில்தான் பதிவு. ஒருமுறை பாடினால் நாலைந்து உருளைதான் கிடைக்கும். நூறு உருளை விற்க வேண்டும் என்றால் பாடகர் அதே பாட்டை இருபது, இருபத்தைந்து தடவை பாட வேண்டும். பியானோக்காரர் அத்தனை தடவையும் ஓங்கி ஓங்கி வாசிக்க வேண்டும். இசைக்கலைஞன் என்பவன் அங்கே கூலிக்கு மாவரைக்கிறவன் மாதிரிதான். இதைக் கெய்ஸ்பெர்க் உடம்பால் அறிந்தவர் என்பது முக்கியம்.

பிறகு எமில் பெர்லினர் கண்டுபிடித்த தட்டைக் கேட்டார். தட்டை அச்சுப்போல் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருமுறை பாடினால் போதும். உடனே பெர்லினரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1898இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, மெய்டன் லேன் என்ற தெருவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பதிவுக்கூடம் அமைத்தார். 1902 ஏப்ரலில் மிலான் நகரத்து ஓட்டல் அறையில் கரூசோ என்ற இளம் பாடகரைப் பத்துப் பாட்டுக்கு நூறு பவுன் பேசிப் பதிவு செய்தார். தொகை அதிகம், பதிவு செய்யாதே என்று லண்டன் தலைமையகம் தந்தி அடித்ததாகவும், தான் அதை மதிக்கவில்லை என்றும் அவரே பின்னால் எழுதினார். இந்தக் கதையை ஆய்வாளர்கள் எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இப்போது தொகை பேசுகிறவர் அவர். நான்கு வருடத்துக்குள் ஆள் இடம் மாறிவிட்டார்.

அதே 1902 செப்டம்பர் இறுதியில் லண்டனிலிருந்து கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் என்ன தெரியுமா? கோரமண்டல். நம் சோழமண்டலக் கரையின் பெயர். ஆனால் கப்பல் போனது கல்கத்தாவுக்கு. அங்கே ஓட்டலில் அறை எடுத்து இயந்திரங்களை நிறுத்தினார். நவம்பர் 8ஆம் நாள் முதல் பதிவு. நாடகக் கொட்டகையில் ஆடிப்பாடிக்கொண்டிருந்த சசிமுகி, ஃபணிபாலா என்ற இரண்டு சிறுமிகள். மூன்று நாள் கழித்துக் கௌஹர் ஜான் வந்தார். கெய்ஸ்பெர்க் பிறந்த அதே 1873இல் ஆசம்கர் பக்கம் பிறந்தவர், கல்கத்தாவின் புகழ்பெற்ற தவாயிஃப். மூன்று மணி நேரம் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் மடித்துக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும், ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார். ஏனென்றால் மெழுகுத் தட்டுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் அச்சாகும். அங்கே இருக்கிற தொழிலாளிக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும். சிலர் அதை அகங்காரம் என்று எழுதினார்கள். அது ரசீது, தோழர்களே. தன் குரல் தன் பெயரில்லாமல் போய்விடக்கூடாது என்று தட்டிலேயே அவர் வெட்டிக்கொண்ட ரசீது.

அந்த ஆறு வாரத்தில் ஐநூறுக்கு மேற்பட்ட பதிவுகள். பாடிய பெண்கள் எல்லோரும் ஏறக்குறைய தவாயிஃபுகள், நாடகக்காரிகள். ‘குடும்பப் பெண்கள்’ என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட அந்தக் கூம்புக்கு முன்னால் வரவில்லை. சென்னையிலும் பின்னால் இதுவேதான் நடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கம்பெனிகள் தெற்கே வந்தபோது சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று தேவதாசி மரபில் வந்த பெண்கள்தான் துணிந்து பாடினார்கள். இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும், ஆயுளைக் குறைக்கும் என்று பெரிய வித்துவான்கள் ஒதுங்கினார்கள். யந்திரம் காசு தரும் என்று தெரிந்த பிறகு அவர்களும் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்த இசை யாருடையது என்ற கதையே மாற்றி எழுதப்பட்டது. முதல் ஆபத்தை ஏற்றவர்கள் அடிக்குறிப்பானார்கள். இதை நம் மாணவர்கள் தனியாக ஆராய வேண்டும். இன்று அதற்குள் போக நேரமில்லை.

சரி, பறை எங்கே இருந்தது?

இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று உங்களுக்கே தெரியும். பறைக்காரர் நுழைய முடியாத தெருவைத் தாண்டித்தான் ஓட்டல் அறை இருந்தது. கம்பெனியின் உள்ளூர் முகவர்கள் காட்டிய இடங்களுக்குத்தான் வெள்ளைக்காரர் போனார். அவர்கள் சேரிக்கு வழி காட்டவில்லை.

இன்னொரு பதில் இயந்திரத்துக்குள் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இதில்தான் நாம் ஏமாறுகிறோம். 1925 வரை மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்பு. அதன் குறுகிய முனையில் மெல்லிய சவ்வு. சவ்வில் ஊசி. பாடகர் கூம்புக்குள் பாடினால் காற்றின் அழுத்தத்தில் சவ்வு அதிர்ந்து ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். மேல்சுரத்தில் குரல் ஓங்கும்போது பதிவாளர் பாடகரின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார், தாழும்போது முன்னால் தள்ளுவார். அதுதான் அந்தக் காலத்து வால்யூம் பொத்தான். கெய்ஸ்பெர்க்கின் கைவண்ணம் அதில்தான் இருந்தது. சங்கீதம் தெரிந்ததால் எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கூம்பு எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஏற்காது. ஆழமான அடியொலி அதற்குக் கேட்காது. கூர்மையான, திடீரென்று வெடிக்கிற ஒலி வந்தால் ஊசி துள்ளிவிடும், மெழுகு பாழ். அமெரிக்காவில் 1917இல் முதல் ஜாஸ் தட்டு பதிவானபோது முரசுக்காரர் பெரிய முரசை நம்பாமல் மரக்கட்டையையும் மணியையும் தட்டிச் சமாளித்தார். வயலின் சரியாகக் கேட்காது என்று வயலினுக்கே ஒரு தகரக் கூம்பு பொருத்தினார்கள். கவனியுங்கள். வயலின் கேட்கவில்லை என்றதும் அதற்காக ஒரு புதுக் கருவி செய்தார்கள். முரசு கேட்கவில்லை என்றதும் முரசை வெளியே நிறுத்தினார்கள். இயந்திரத்துக்குச் சாதி கிடையாது. யாருக்காக இயந்திரத்தைத் திருத்துவது என்ற முடிவுக்கு உண்டு.

அந்த முடிவு இயந்திரம் மாறிய பிறகும் காதில் தங்கிவிட்டது. 1925இல் மைக் வந்தது. முரசு உள்ளே வர எந்தத் தடையும் இல்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் ‘நல்ல பதிவு’ என்றால் குரல் முன்னால், தாளம் பின்னால், எதுவும் உறுத்தக்கூடாது என்ற பழக்கம் ஊறிவிட்டது. பறை என்றால் இரைச்சல் என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால், அவர் சாதியை மட்டும் பேசவில்லை, ஒரு தகரக் கூம்பையும் சேர்த்துப் பேசுகிறார்.

நானே ஒரு சின்ன உதாரணம். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நான், தொண்ணூறுகளில் ஒரு சின்னப் பதிவுக்கூடத்தில் ரெக்கார்டிஸ்ட்டாக வேலை பார்த்தேன். அம்மன் பாட்டு, கூத்து, ஒப்பாரி எல்லாம் கேசட்டாக வரும். ஒரு பறைக்குழுவைக் கூட்டிவந்தார்கள். குளிரூட்டிய அறை. வெளியே வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டு வந்த தோல் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிட்டது. மீட்டர் முள் சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. முதலாளி ஒரு கம்பளியைக் கொடுத்து, பறைமேல் போர்த்திக்கொண்டு அடிக்கச் சொன்னார். குழுவில் மூத்தவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “போர்த்திக்கிட்டு அடிக்கறதுக்கு இது பறை இல்ல தம்பி, எங்கியாவது தகரம் கெடந்தா குடுங்க” என்றார்.

அன்றைக்குப் பதிவு பின்கட்டில், வேப்ப மரத்தடியில் நடந்தது. பக்கத்திலேயே தீ மூட்டிக்கொண்டார்கள். ஒரு மைக்கைப் பத்தடி தள்ளி வைத்தோம், இன்னொன்றைப் பறைக்குப் பின்புறம். ஒரே தோல் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும் அல்லவா, அதனால் இரண்டு மைக்கும் எதிரெதிர்த் திசையில் கேட்கும். அப்படியே சேர்த்தால் அடியின் வயிறு காணாமல் போகும். ஒன்றின் முனையைத் திருப்பிப் போட்டால் பறை எழுந்து உட்காரும். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் கற்கவில்லை, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் பிடித்தோம். காக்கை கத்தியதும் சேர்ந்தே பதிவானது. கேசட் வந்தது. அட்டையில் அம்மன் படம். ‘மற்றும் குழுவினர்’ என்று போட்டிருந்தது. ஒருவர் பெயரும் இல்லை. கூலி அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்து முடிந்தது. கையெழுத்துத் தெரிந்தவர் கையெழுத்தும், தெரியாதவர் கைநாட்டும் வைத்த அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை. அந்தத் தாளுக்கு மறுபடி வருகிறேன்.

நம்மவர் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒரு சோதனை நடந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியது உங்களில் பலருக்குத் தெரியும். அதே டு பாய்ஸ் 1921இல் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தார். கம்பெனியின் பெயர் பிளாக் ஸ்வான், கறுப்பு அன்னம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பட்டப்பெயரால் அறியப்பட்ட கறுப்பினப் பாடகி எலிசபெத் கிரீன்ஃபீல்டின் நினைவாக வைத்த பெயர். தொடங்கியவர் ஹாரி பேஸ் என்ற கறுப்பினத் தொழில்முனைவர்.

கம்பெனியின் பதிவு மேலாளராக வந்தவர் ஃபிளெட்சர் ஹென்டர்சன். அவருடைய பாதையைப் பாருங்கள். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம். 1920இல் நியூயார்க்குக்கு வந்தார். கறுப்பினத்தவருக்கு வேதியியல் வேலையில் கதவு திறக்கவில்லை. பியானோ தெரியும் என்பதால் இசைப் பதிப்பகத்தில் பாட்டு வாசித்துக் காட்டுகிற வேலைக்குப் போனார். அங்கிருந்து பிளாக் ஸ்வானுக்கு. பியானோ வாசிப்பதும் அவரே, குழு சேர்ப்பதும் அவரே. பட்டம் வாங்கியும் பறையடிக்கப் போன நம் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். எதெல் வாட்டர்ஸ் பாடிய தட்டு நன்றாக விற்றது. கம்பெனி நிமிர்ந்தது.

அதே கம்பெனிக்கு பெஸ்ஸி ஸ்மித் என்ற பெண் வந்தார். வறுமையில் பிறந்து தெருவில் பாடி வளர்ந்தவர். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பாட்டுக்கு நடுவில் நிறுத்திவிட்டு எச்சில் துப்பினார், அதைப் பார்த்த பேஸ் முகம் சுளித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மறுத்தது உண்மை. பிளாக் ஸ்வானுக்குத் தன் இனத்தின் ‘கௌரவமான’ முகத்தை வெள்ளை உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. பெஸ்ஸியின் குரலில் சேரி வாசம் அடித்தது. 1923இல் வெள்ளையர் கம்பெனியான கொலம்பியா அவரைப் பதிவு செய்து பெரும் பணம் பார்த்தது. அதே ஆண்டின் இறுதியில் பிளாக் ஸ்வான் திவாலானது. திவாலுக்கு வானொலியின் வருகை, போட்டி, கடன் என்று பல காரணங்கள் உண்டு. பெஸ்ஸியை விட்டதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேசைக்குப் பின்னால் நம் நிறத்தவர் உட்கார்ந்திருந்தபோதும் காது யாருடையதாக இருந்தது என்று கேட்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. நம் அரங்குகளிலேயே கானாவைக் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். சாவுக்கு அடிக்கிற பறையை விட வேண்டும் என்பது ஒரு போராட்டம். விட்டவர்கள் மானத்துக்காக விட்டார்கள், அதை நான் மதிக்கிறேன். அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் மானத்துக்காகத்தான் எடுத்தார்கள். பேராசிரியர் கே. ஏ. குணசேகரன் அப்படி எடுத்தவர்களில் முதல்வரிசை. ‘வடு’ எழுதியவராக, ‘பலி ஆடுகள்’ நாடகம் தந்தவராக அவரை நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்கள். எங்கள் தலைமுறை அவரைக் குரலாகத்தான் முதலில் அறிந்தது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ அவர் குரலில் கேசட்டாக ஊர் ஊராகப் போனது. கேசட் மலிவு, வீட்டிலேயே பிரதி எடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிய ஆண்டுகளில் நம் இயக்கப் பாட்டுகள் சுவரொட்டியைவிட வேகமாகப் போனதற்கு அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு காரணம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டார் மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் செய்து கேசட்டாகவும் கொடுத்தார். இவர்கள் யாரும் ஒலிப்பொறியாளர்கள் அல்ல. பாடியவர்கள். பதிவு மேசை இன்னும் வேறொருவரிடம்தான் இருந்தது.

மேசை கைக்கு வந்தது கணினி வந்த பிறகு. லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கூடத்தின் வேலையைப் படுக்கையறையில் ஒரு மடிக்கணினியும் இரண்டு மைக்கும் செய்யத் தொடங்கின. ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை செய்துவந்த சந்தோஷ் நாராயணன் 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வழியாக இசையமைப்பாளரானார். சென்னையின் சுயாதீன இசைக்குழுக்களில் பாடி வாசித்து, ‘குரங்கன்’ குழுவில் இருந்த தென்மா, பதிவு, ஒலிக்கலவை, தயாரிப்பு என்று மேசைப் பக்கம் வந்தார். ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. பத்தொன்பது பேர். கானா, பறை, சட்டி, ராப், கிதார்.

அந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடல் வரிகளைப் பேசுவார்கள். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஐயப்பன். நான் வேறு ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் அவர்களுடைய ‘மகிழ்ச்சி’ தொகுப்பை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். தாளக் கருவிகள் எங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள். பின்னால் போர்வைக்குள் இல்லை. குரலுக்குப் பக்கத்தில், தோளோடு தோள். இசைவாணியின் குரலை மெருகேற்றி ‘மெலடி’ ஆக்கவில்லை. அதே இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. பெஸ்ஸி ஸ்மித்தைத் திருப்பி அனுப்பாத காது என்று இதைத்தான் சொல்கிறேன். அதே 2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியபோது, மார்கழி என்றால் எந்த இசை என்ற பழைய கணக்கிலும் கை வைத்தார்கள்.

ஆனால் காது மட்டும் போதாது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்ஜாய் எஞ்சாமி’யை எல்லோரும் பாடினோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எழுதி, தீயுடன் பாடியது. இசை சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தது. பாட்டை ஆக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவரும் இசையமைப்பாளரும் தனித்தனியே அறிக்கை விட்டார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டு! இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எழுதியவர், இசையமைத்தவர் இருவருமே வருத்தப்படுகிற ஒரு பாட்டில், பணம் நின்ற இடம் மூன்றாவது ஒன்று என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த மூன்றாவது இடத்துக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. சட்டம் படிக்கும் தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டுக்கு ஆசிரியர் எழுதியவர், இசைக்கு ஆசிரியர் அமைத்தவர் என்கிறது. ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் யார்? பாடியவரோ அடித்தவரோ அல்ல, தயாரிப்பாளர். பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். வெளியான பின் அறுபது ஆண்டு அந்த உரிமை அவருக்கு. நம் தாத்தன் அடித்த அடி பழமையானது, அதற்குத் தனி ஆசிரியர் இல்லை, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் அவர் ஒரு குறிப்பிட்ட மத்தியானத்தில் அடித்த அந்தப் பதிவு, மைக் வைத்தவருடைய சொத்து. கெய்ஸ்பெர்க் இடம் மாறினாரே, அந்த இடம் இதுதான்.

அடித்தவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1994இல் நிகழ்த்துவோர் உரிமை சட்டத்தில் சேர்ந்தது. ஐம்பது ஆண்டு. 2012 திருத்தம் அதை வலுவாக்கியது. வணிக நோக்கில் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு உரிமத்தொகை உண்டு. நிகழ்த்தியவர் இன்னார் என்று பெயர் குறிக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. ‘மற்றும் குழுவினர்’ என்று போடுவது இன்று வெறும் அலட்சியம் மட்டுமல்ல. இன்னொன்று. உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால், ஐந்து ஆண்டுக்குத்தான் கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இதனால்தான் அச்சடித்த தாள்களில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களிலும்’ என்று ஒரு வரி நீளமாக ஓடும். பின்கட்டில் கைநாட்டு வாங்கிய தாள் என்றேனே, அந்த மாதிரித் தாள்களில் வாசித்துக் காட்ட வேண்டிய வரி அதுதான்.

செஞ்சி வட்டாரம் கூத்துக்குப் பேர்போனது. மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத் தேடி ஆல்ஃப் ஹில்டபைடல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1988இல் பெரிய புத்தகமே போட்டார். தேசிங்குராஜன் 1714இல் செத்தான், அவன் கதையை இன்னும் பாடுகிறோம். இந்தக் கூத்துக்கும் கதைக்கும் முன்னால் ஊரைக் கூட்டியது எந்தக் கருவி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வட்டாரம் வட்டாரமாக அடி மாறும். சாவுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, சாமி அழைக்க ஒன்று. இதையெல்லாம் தெரிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சராசரி வயது என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்றத்துக்கு நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டு எனக்குப் பதிலாக இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கும் செலவில் இரண்டு மைக்கும் ஒரு பதிவுக் கருவியும் வாங்குங்கள். குளிரூட்டிய அறை வேண்டாம். மரத்தடி போதும், காய்ச்சத் தீ வேண்டும். காக்கை கத்தினால் கத்தட்டும். மாணவர்களில் கீபோர்டு, கிதார், பறை ஏதாவது கையில் இருக்கிற நாலு பேர் கற்றுக்கொள்ளுங்கள். கருவி தெரிந்தவனுக்குத்தான் எப்போது கிட்டே போக வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று புரியும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அடிப்பவரே தன் பெயரையும் ஊரையும் அடியின் பெயரையும் சொல்லட்டும். கௌஹர் ஜான் முடிவில் சொன்னார், நாம் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

தாள் ஒன்று வேண்டும். தமிழில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். பதிவின் தயாரிப்பாளர் என்ற இடத்தில் மன்றத்தின் பெயரை மட்டும் போடாதீர்கள், அடித்தவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். காலம் எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று எழுதுங்கள். அவருக்குப் பிறகு யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு முன்னால் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பதையும் பதிவு செய்யுங்கள்.

வரைவு ஒன்று தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் புத்தக மேசையில் இருக்கிறது. திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். ஜெய்பீம்.